வாய்க்கரிசிக் கணக்கு

“உசுரோட இருக்கிற மனுசனுக்கு யாராவது சாவுக் காசு வசூல் பண்ணுவாங்களா? எமனுக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி இருக்குது” என்றார் மீன்கார அக்கா.

2024 கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம். எண்ணூர் காட்டுக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தேன். நாற்பது வருஷம் கூடை சுமந்து திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர் அவர். கூடை இறக்கிய பிறகும் அவர் வாக்குக்கு எங்கள் தெருவில் மரியாதை உண்டு. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது. செத்தவருக்கு நாம் செய்வது யாருக்காக? இன்னும் சாகாத ஒருவருக்கு அதை முன்கூட்டியே சேர்த்து வைப்பது பாவமா, தர்மமா? மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். வலைக் கடன், படகுக் கடன், நகைக் கடன் எல்லாம் என் கையால் பேரேட்டில் ஏறியிருக்கின்றன. இந்த ஒரு கடனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பது மட்டும் அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வசூல் யாருக்காகவோ, நோயில் படுத்திருந்த அவரைத் தெரு ‘நேவிக்காரர்’ என்று அழைக்கும். எனக்கு அவர் அண்ணன். 1966 இல், பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தார். லோனாவாலாவில் பயிற்சி. பிறகு ஐ.என்.எஸ். விக்ராந்தில் கொதிகலன் அறை. 1971 போரில் அந்தக் கப்பல் ஒரு கொதிகலன் விரிசல் விட்ட நிலையில், மீதி மூன்றை வைத்துக்கொண்டுதான் வங்காள விரிகுடாவில் ஓடியது. டிசம்பர் 4 ஆம் தேதி அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியதை உலகம் பேசுகிறது. அண்ணன் அதையெல்லாம் பார்க்கவில்லை. “மேல விமானம் ஏர்ற சத்தம் கேக்கும், தம்பி. நாங்க கீழ நெருப்புக்கு முன்னாடி. பகலா ராத்திரியான்னே தெரியாது” என்பார்.

பத்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் 1976 இல் ஊருக்கு வந்துவிட்டார். பென்ஷனுக்குப் பதினைந்து வருஷம் வேண்டும். அப்புறம் லேத்துப் பட்டறை, ஒப்பந்த வெல்டிங், கடைசியில் கண்டெய்னர் யார்டில் இரவுக் காவல். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எங்கள் குப்பங்களுக்குள் வந்தது. அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டி முழுகியது. உள்ளே இருந்த டிஸ்சார்ஜ் புக் கறுத்துப் போனது. பென்ஷன் இல்லாமல் 65 வயதைக் கடந்த முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசின் நிதியிலிருந்து அப்போது மாதம் 4,000 ரூபாய் கிடைத்து வந்தது; 2025 இல் அது 8,000 ஆகியிருக்கிறது. கேட்டு வாங்குவது கௌரவக் குறைவு என்று அத்தனை வருஷமும் அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வெயிலில் காயவைத்து நாங்கள்தான் அவரைக் கூட்டிப் போனோம். கடைசி சில மாதங்கள் பணம் வந்தது. அந்த நிதி கொடிநாள் வசூலிலிருந்து வருவது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 ஆம் தேதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சட்டையில் குத்திவிடும் சின்னக் கொடிக்கு நாம் போடும் காசு அது.

நுரையீரலில் புற்று. முற்றிய நிலை. இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ கணக்கு எழுதினவன். என்னை எடுக்கிறதுக்கு எவ்வளவு ஆவும்?”

“அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப?”

“இப்பக் கேக்காம எப்பக் கேக்கிறது?”

ஆகவே எழுதினேன். மாநகராட்சி மயானத்தில் எரியூட்டக் கட்டணம் இல்லை. ஆனால் அதுவரை போய்ச் சேர வேண்டுமே. ஐஸ் பெட்டி 4,500. பந்தலும் நாற்காலியும் 5,000. பூ, மாலை 4,000. பாடை, கோடித் துணி, சாமான்கள் 3,500. மேளம் 6,000. வண்டி 3,000. மயானத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 2,000. வந்தவர்களுக்கு டீ, சாப்பாடு 4,000. பதினாறாம் நாள் காரியம் 10,000. மொத்தம் 42,000 ரூபாய்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பூ என்ற இடத்தில் விரலை வைத்தார். “இதக் குறை. ஆயிரம் போதும். எக்ஸ்பிரஸ் ரோட்டுல பூவ வாரி எறைப்பானுங்க. பின்னாடி பைக்ல வர்ற புள்ளைங்க சறுக்கி லாரிக்கு அடியில போவும்.” 39,000 ஆனது. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். எண்ணினேன். 6,200.

“இது மொதல்ல செலவாவணும். மீதிக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கடனாளியாப் போவக் கூடாது, தம்பி.”

சாவைப் பற்றி அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் உடைந்தது.

அன்று இரவு ‘கடன்’ என்ற சொல்லே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாங்கினதும் கடன்தான், செய்ய வேண்டியதும் கடன்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். விடிந்ததும் காலைக்கடன். சாமிக்கு நேர்த்திக்கடன். இறந்தவருக்கு ஈமக்கடன். சோறு போட்ட அரசனுக்காக உயிரைக் கொடுக்கும் வீரனுடையது செஞ்சோற்றுக்கடன். அந்தச் சொல்லைத்தான் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். வீரன் பட்ட கடனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவனால் காக்கப்பட்டவர்கள் பட்ட கடனுக்கு என்ன பெயர்?

நம் முன்னோர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். தகுந்த கல்லைத் தேடுவதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கிடைத்த நடுகல்லில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அது மன்னனுக்கு வைத்த கல் இல்லை. மாடு கவர்ந்த பூசலில் செத்த ஒருவனுக்கு வைத்தது. ஊருக்காக நெருப்பின் முன் நின்றவனை ஊர்தான் எடுக்க வேண்டும் என்பது அன்றே முடிவான வழக்கு. திருவள்ளுவரும் இல்வாழ்வான் ஆற்ற வேண்டிய ஐந்து கடமைகளை அடுக்கும்போது, தெய்வத்துக்கும் முன்னால் தென்புலத்தாரை, அதாவது இறந்தவர்களை வைக்கிறார். தெய்வம்கூட வரிசையில் இரண்டாவதுதான்.

ஆகவே 39,000 ரூபாயில் 6,200 போக மீதியை அண்ணன் எங்களிடம் பிச்சையாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பாக்கி அது. இந்த முடிவோடுதான் நோட்டை எடுத்தேன். எடுத்த முதல் நாளே மீன்கார அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இரண்டாவது கேள்வி என் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது. தொழிற்சங்கத்தில் இருந்தவர். சாமியும் கும்பிட மாட்டார், திவசமும் கொடுக்க மாட்டார். “செத்த பிறகு அது வெறும் உடம்பு. அதுக்கு மேளமும் பந்தலும் எதுக்கு? 39,000 ரூபாய்க்கு இந்தத் தெருவுல நாலு பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டலாம். இல்லன்னா இருக்கிறவரைக்கும் அந்த மனுஷனுக்கு நல்ல பாலும் பழமும் வாங்கிக் கொடுக்கலாம்” என்றார். அக்கா சகுனத்துக்காக எதிர்த்தார். தோழர் அறிவுக்காக எதிர்த்தார். இரண்டு பேரும் அண்ணன்மேல் உயிராக இருந்தவர்கள். இரண்டையும் தள்ளிவிட முடியாது.

பதில் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூருக்குப் போனேன். கடலைப் பார்த்த மாதிரி பட்டினத்தார் சமாதி இருக்கிறது. உள்ளே ஒரு லிங்கம். சின்ன வயதில் அப்பாவோடு வந்து உட்கார்ந்த இடம்.

பட்டினத்தாரைவிட உடம்பைத் துச்சமாகப் பேசியவர் தமிழில் யாரும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்து குவித்த செல்வம் முழுவதையும் ஒரே நாளில் உதறினவர் என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. வீட்டை விட்டார், மனைவியை விட்டார், உடையையும் விட்டார். ஒன்றை மட்டும் விடவில்லை. அம்மா அவர் இடுப்பில் ஒரு துணி முடிச்சைக் கட்டி, இது எப்போது தானே அவிழ்கிறதோ அப்போது நான் போய்விட்டேன் என்று அறிந்துகொள் என்றாளாம். ஊர் ஊராகத் திரிந்த துறவி அந்த முடிச்சோடுதான் திரிந்தார். அவிழ்ந்த அன்று சுடுகாட்டுக்கு ஓடிவந்தார். அடுக்கின விறகைத் தள்ளிவிட்டுப் பச்சை வாழை மட்டைகளை அடுக்கி, அம்மாவைக் கிடத்தி, பாடியே தீ மூட்டினார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, எத்தனையோ நூற்றாண்டாகத் தமிழர்கள் இந்தக் கதையைக் கைவிடவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த லிங்கத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். உடம்பு பொய் என்று பாடியவர் அம்மாவின் உடம்புக்கு மட்டும் ஏன் அவ்வளவு செய்தார்? பொய்யென்று சொன்னது தன் உடம்பை. தன்னைத் தூக்கிச் சுமந்த உடம்பை அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எல்லாப் பற்றையும் அறுக்கலாம். பட்ட நன்றியை அறுக்கிற துறவு எதுவும் தமிழ் மண்ணில் இல்லை. இன்னொன்றும் அங்கே உறைத்தது. அந்த முடிச்சை அம்மா உயிரோடு இருக்கும்போதே கட்டினாள். நான் வருவேன் என்ற வாக்கை அவள் உயிரோடு இருக்கும்போதே வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தாளோ, அந்த வாக்கை நம்பித்தான் இருந்தாள். சாவுக்கு முன்பே சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனமென்றால், அந்தத் தாயல்லவா முதலில் பேசினாள்?

இதே திருவொற்றியூருக்கு ஏழுகிணறு வீட்டிலிருந்து நடந்து வந்து வணங்கியவர் வள்ளலார். கருமாதி, திதி என்ற சடங்குகளை வேண்டாம் என்றவர் அவர். எரிக்கக்கூட வேண்டாம், புதையுங்கள் என்றார். அவர்கூட உடம்பை என்ன செய்வது என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். சடங்கை மறுத்தவர்களும் அக்கறையை மறுக்கவில்லை.

ராயபுரத்தில் எனக்கு ஒரு முஸ்லிம் நண்பர் உண்டு. துறைமுக கிளியரிங் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னபோது ‘ஃபர்ளு கிஃபாயா’ என்றார். ஊர் முழுவதன் மேலும் விழுகிற கடமை. நாலு பேர் முன்வந்து மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் உடுத்தி, தொழவைத்து அடக்கிவிட்டால் ஊர் முழுவதன் கடமையும் தீர்ந்துவிடும். ஒருத்தரும் செய்யவில்லை என்றால் ஊரே குற்றவாளி. கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து என்ற மனிதர், அரசன் கோபத்துக்கும் பயப்படாமல் தெருவில் கிடந்த தன் இனத்தார் பிணங்களை எடுத்து அடக்கம் செய்கிறார். அவர்கள் சபை சொல்லும் இரக்கச் செயல்களில் இறந்தோரை அடக்கம் செய்வதும் ஒன்று. நம் பக்கத்திலோ, அநாதைப் பிரேதத்துக்குச் சம்ஸ்காரம் செய்தால் அசுவமேத யாகப் பலன் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஆத்மா எங்கே போகிறது என்பதில் இவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போக மாட்டார்கள். உடம்பைத் தெருவில் விடக்கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. திருப்பித் தர முடியாதவருக்குச் செய்வதுதான் கலப்பில்லாத தர்மம் என்பதை எல்லோருமே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் தோழருடைய கேள்வி பாக்கி இருந்தது. இருக்கும்போது தராமல், செத்த பிறகு தருவது என்ன நியாயம்? இந்தக் கேள்வியில் நம் வரலாறே தலைகுனிந்து நிற்கிறது. 1921 செப்டம்பரில் பாரதியைத் திருவல்லிக்கேணியிலிருந்து கிருஷ்ணாம்பேட்டைக்கு எடுத்துப் போனபோது இருபது பேர்கூட உடன் போகவில்லை. இருபத்தாறு வருஷம் கழித்து, கல்கி முன்னின்று பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் 1947 இல் எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுந்தது. கொடுக்கிற மனம் தமிழனிடம் இருந்தது. நேரத்துக்கு வரவில்லை.

வ.உ.சி.யின் கணக்கு இன்னும் வலிக்கும். கப்பல் ஓட்டி, சிறையில் செக்கிழுத்து, 1912 கடைசியில் வெளியே வந்தவர் சென்னையில் வறுமையில் உழன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காசு சேர்த்து காந்தியிடம் கொடுத்தார்கள். அது இவர் கைக்கு வருவதற்குள் எத்தனை கடிதங்கள்! 1916 தொடக்கத்தில் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. கணக்கு எழுதியவனுக்கு அந்தப் பன்னிரண்டு அணா மறக்காது. காசு வந்தது. காத்திருந்து கேட்டு வாங்கிய வேதனையையும் சேர்த்துக்கொண்டு வந்தது. இருபது வருஷம் கழித்து, 1936 நவம்பரில் தூத்துக்குடியில் சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர் எழுதிவைத்த உயிலில், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சில்லறைக் கடன்கள் வரை வரிசையாக இருக்கின்றன. நாடே கடன்பட்ட மனிதர், தன் கடனை எண்ணிக்கொண்டே கண் மூடினார். “கடனாளியாப் போவக் கூடாது, தம்பி” என்று அண்ணன் சொன்னபோது எனக்குக் கேட்டது அந்தக் குரலும்தான்.

இதையெல்லாம் யோசித்து முடித்த மறுநாள் நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடது பக்கத்துக்கு ‘இருக்கும்வரை’ என்று தலைப்பு. வலது பக்கத்துக்கு ‘அப்புறம்’. தோழர் இடது பக்கத்தில் ஆயிரம் எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வலது பக்கத்திலும் ஐந்நூறு எழுதினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அறுபத்தொரு பேர் கொடுத்தார்கள். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவர் ஐம்பது. வலை பின்னுகிற நாலு பேர் சேர்ந்து அறுநூறு. ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு நாள் மதிய சவாரிப் பணம் அப்படியே. கொடிநாளுக்கு உண்டியல் குலுக்கிய பள்ளிக்கூடத்துப் பெண் பத்து ரூபாய். எங்கள் தெருப் பெண், தாத்தா மடியில் விளையாடியவள். பெயர் போட வேண்டாம் என்றவர்களுக்கு நான் இணங்கவில்லை. பெயர்தான் முக்கியம் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள்.

அந்தப் பெயர்களை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். தினம் விளக்கு வைத்த பிறகு. சுவரில் எண்ணெய் வெள்ளம் விட்டுப் போன கறுப்புக் கோடு முழங்கால் உயரத்தில் இன்னும் இருந்தது. அதன் கீழே பாயில் படுத்தபடி கண்ணை மூடிக் கேட்பார். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. “அவன் தாத்தாவோட கட்டுமரம் ஏறியிருக்கேன்.” “அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான் சீரியல் பல்பு போட்டேன்.” தொகையை வாசிக்க வேண்டாம் என்றார். பெயர் மட்டும். கப்பலில் ஆள் எண்ணுகிற மாதிரி இருந்தது அது. ஒரு நாள் வாசித்து முடித்ததும், “இத்தினி பேரு வருவாங்களா?” என்று கேட்டார். “வருவாங்கண்ணே” என்றேன். அன்று வலி மாத்திரை போடாமலே தூங்கினார்.

அந்த இரவுதான் எனக்குப் பதில் கிடைத்தது. செத்தவருக்கு ஈமச்சடங்கு தெரியப் போவதில்லை. தோழர் சொன்னது சரி. ஆனால் சாகப் போகிறவருக்குத் தெரியும். ஈமக்கடன் என்பது உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கிற வாக்கு. ‘உன்னை நாங்கள் எடுப்போம். நீ எங்களுக்குப் பாரம் இல்லை.’ இந்த வாக்கைப் பிணத்திடம் சொல்ல முடியாது. காது கேட்கிறபோதுதான் சொல்ல முடியும். அதனால் முன்கூட்டியே சேர்த்த காசில் பாவம் இல்லை. சேர்த்துவிட்டு அவரிடம் மறைத்திருந்தால் அதுதான் பாவம்.

தெருவில் ஒரு பையன் பஜாஜ் ‘வி’ பைக் வைத்திருக்கிறான். விக்ராந்தை 2014 இல் மும்பையில் உடைத்த பிறகு, அந்த இரும்பையும் உருக்கிச் சேர்த்து 2016 இல் வந்த வண்டி. கப்பலை அருங்காட்சியகமாகவே நிறுத்திவைக்க எத்தனையோ பேர் போராடினார்கள். பணம்தான் சேரவில்லை. அந்தப் பையன் ஒரு நாள் வண்டியை அண்ணன் வீட்டு வாசல்படி வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். தாங்கிப் பிடித்து உட்கார வைத்தோம். பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். இஞ்சின் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் சூடு பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் வைத்திருந்தார். “இரும்பு எங்கியும் போவல, தம்பி” என்றார்.

அதே பையன்தான் தேசியக் கொடி போர்த்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அரசு மரியாதை, படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் தவிர வேறெங்கும் கொடியைப் போர்த்தக் கூடாது என்பது சட்டம். அண்ணனே அவனுக்கு எடுத்துச் சொன்னார். “கொடிய எரிக்கக் கூடாது, பொதைக்கக் கூடாதுடா. எனக்கு வெள்ளக் கோடி போதும். நீ வா, அது போதும்.” அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் லிதம் என்ற கடலோர ஊரில், ஹரால்ட் பெர்சிவல் என்ற முன்னாள் விமானப்படைக்காரர் 2013 இல் தொண்ணூற்றொன்பது வயதில் இறந்தபோது, இறுதிச் சடங்குக்கு வர நெருங்கிய ஆட்கள் இல்லையென்று பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு போட்டார்கள். நவம்பர் 11 ஆம் தேதி நூற்றுக்கணக்கானவர்கள் மழையில் வந்து நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எல்லா ஊரிலும் மனிதன் கடைசியில் கேட்பது இதைத்தான். ‘நீ வா.’

மீன்கார அக்கா கடைசிவரை நோட்டில் பணம் எழுதவில்லை. ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் ஒரு தூக்குப் போணியில் கஞ்சி கொண்டுவந்தார். நொய்யரிசிக் கஞ்சி. நெத்திலியைச் சுட்டு, முள் எடுத்து, பொடித்துப் போட்டிருப்பார். கரண்டியால் ஊட்டிவிடுவார். ஒரு காலையில் நான் இருக்கும்போதே அண்ணனிடம் சொன்னார்: “அவரு காசு கேட்டாரு, நான் தரல. அரிசி எங்கிட்ட இருக்குது. இன்னிக்குக் கஞ்சியாக் குடி. அன்னிக்கு என் கையால நானே போடுறேன்.” அண்ணன் சிரித்தார். “போடு யக்கா” என்றார்.

முப்பத்திரண்டு வருஷக் கணக்கில் எனக்குப் பிடிபடாத ஒன்றை அக்கா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். என் நோட்டில் இடதும் வலதும் இரண்டு பக்கம். அவரிடம் ஒரே பானை அரிசி. செஞ்சோற்றுக்கடனும் வாய்க்கரிசியும் ஒரே சோற்றின் இரண்டு முனைகள். செத்த வாய் சாப்பிடாது என்பது அரிசி போடுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் போடுகிறோம். நீ எங்களோடு ஒரே பந்தியில் உண்டவன், பசியோடு உன்னை அனுப்ப மாட்டோம் என்று அந்தப் பிடி சொல்கிறது. அதைச் சொல்ல யோக்கியதை வேண்டும். உயிரோடு இருந்தபோது கஞ்சி ஊட்டிய கைக்குத்தான் அந்த யோக்கியதை உண்டு.

2025 தை பிறந்து ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அண்ணன் போனார். நோட்டில் பெயர் இருந்த அறுபத்தொரு பேரில் ஐம்பத்தேழு பேர் வந்தார்கள். மற்ற நாலு பேர் கடலில் இருந்தார்கள். மேளத்துக்குப் பின்னால் பூ இறைக்கவில்லை. கொள்ளி வைத்தது பைக் வைத்திருந்த பையன். முதல் வாய்க்கரிசி அக்காவுடையது. சாம்பலை முகத்துவாரத்தில், ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் கரைத்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு முடித்தேன். வலது பக்கத்து வசூல் 34,310. அண்ணன் கொடுத்தது 6,200. மொத்தம் 40,510. அவர் சொன்னபடி அவர் பணம்தான் முதலில் செலவானது. செலவு 37,860. மீதி 2,650. அதைப் பங்கிட்டுத் திருப்பித் தரவா என்று கேட்டபோது ஒருவரும் வாங்க முன்வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, யார்டு வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி இங்கே இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்பும் வண்டிச் செலவில் அந்த 2,650 முதல் தொகையாகச் சேர்ந்தது. கடலிலும் யார்டிலும் உழைத்தவர் எல்லோருக்கும் ஒரே அரிசிதான் என்று அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் தெருவிலும் ஒருவர் இப்படிப் படுத்திருப்பார். பட்டாளத்துக்காரராக இருக்கலாம், பள்ளிக்கூட ஆயாவாக இருக்கலாம், சாக்கடை அள்ளியவராக இருக்கலாம். ராத்திரி தூக்கம் வராமல், தன்னை எடுக்க எவ்வளவு ஆகும் என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருப்பார். அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நாலு பேர் சேருங்கள், நோட்டைப் போடுங்கள், சேர்ந்த பெயர்களை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். போகும்போது கையில் கொஞ்சம் கஞ்சியும் கொண்டு போங்கள்.